ஆவுடை மெஸ்ஸின் மௌன அய்யர்

1943 ஏப்ரல் 5, திங்கள்

மத்தியானம் மாவு ஆட்டிக்கொண்டிருக்கும்போது பின்கட்டு வழியாக ஒரு வெள்ளைத் தோல்காரர் ஓடி வந்து ஆட்டுரலுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டார். அவர் தொப்பி உளுந்து மாவில் விழுந்தது. சிங்கப்பூரில் இன்றைக்கு உளுந்து கிடைப்பதே குதிரைக் கொம்பு. எனக்கு வந்த கோபத்தில் ஆட்டுகிற குழவியை எடுத்திருப்பேன். அது கனமாக இருந்ததால் பிழைத்தார்.

யாரென்று பார்த்தால் ஹஸ்கேல். ஆற்றங்கரைச் சாக்குக் கிடங்கில் சூப்பர்வைசர். என் வீட்டுக்காரர் பதினோரு வருஷம் அவரிடம்தான் வேலை பார்த்தார். நான் தாலியறுத்த அன்றைக்குக் கொட்டுகிற மழையில் சுடுகாடு வரை நடந்து வந்த மனிதர். என் வீட்டுக்காரரின் பங்காளிகள் பாதிப் பேர் அன்றைக்கு ஜலதோஷம் என்று வீட்டில் படுத்துக்கொண்டார்கள்.

யூத ஆண்களை எல்லாம் ஜப்பான்காரன் லாரியில் ஏற்றிக்கொண்டு போகிறானாம். இவர் கிடங்கின் பின்வாசல் வழியாக வந்துவிட்டார். ஒளித்து வைத்தது தெரிந்தால் எனக்கும் அதே லாரிதான், அல்லது லாரி கூட இல்லாமல் அங்கேயே. "ராத்திரி வரைக்கும் இருந்துக்கிடுங்க, அப்புறம் போயிரணும்" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.

இதையெல்லாம் எழுதி அரிசிப் பானைக்குள் வைக்கிறேன். அரிசி இல்லாததால் அந்தப் பானையை யாரும் திறப்பதில்லை. யாரிடமும் சொல்ல முடியாததை எழுதியாவது வைக்காவிட்டால் எனக்கு வயிறு உப்பிவிடும்.

ஏப்ரல் 6, செவ்வாய்

போகவில்லை. நானும் கேட்கவில்லை, வேலை நிறைய இருந்தது.

ஆளை என்னவென்று சொல்லி வைத்துக்கொள்வது? மரைக்காயர் என்று சொல்லலாம் என்றால் எதிர் வரிசை முழுக்கக் கடையநல்லூர் முஸ்லிம்கள். வெள்ளிக்கிழமை தொழுகைக்குக் கையைப் பிடித்துக் கூட்டிப் போய்விடுவார்கள். வெள்ளைக்காரக் கலப்பில் பிறந்த சட்டைக்காரர் என்றால் அவர்களையும் அல்லவா ஜப்பான்காரன் கணக்கெடுக்கிறான்.

சாப்பாடு கொடுத்தேன். எந்தச் சட்டியில் செய்தது என்று கேட்டார். நண்டு வெந்த சட்டி என்றதும் தட்டைத் தள்ளி வைத்தார். வாழைப்பழம் கொடுத்தால் கையைக் கழுவிவிட்டு ஏதோ முணுமுணுத்தார், தின்றுவிட்டு இன்னொரு தடவை முணுமுணுத்தார். எனக்கு எங்கள் ஊர் அக்ரகாரமே வந்து அடுப்படியில் உட்கார்ந்த மாதிரி இருந்தது.

"நாளையிலருந்து நீங்க அய்யரு. என் மெஸ்ஸுக்குச் சமையலுக்கு வந்திருக்கிய" என்றேன்.

"சரி ஆச்சி. எனக்குத் தமிழ் நல்லா வரும், வெளங்காத பயலே" என்றார், மிகுந்த மரியாதையோடு.

அவர் தமிழ் படித்தது மூட்டை தூக்குகிறவர்களிடம். ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசியிலும் அப்படி ஏதாவது ஒன்று வைத்தால்தான் பேச்சு முடியும் என்று இருபது வருஷமாக நினைத்துக்கொண்டிருக்கிறார். ஆகவே அய்யருக்கு மௌன விரதம் என்று முடிவு செய்தேன்.

ஏப்ரல் 7, புதன்

விடியலிலிருந்து என் பாத்திரங்களை ஒவ்வொன்றாகக் கொதிக்கிற தண்ணீரில் முக்கி எடுக்கிறார். மண்சட்டிகளை அப்படிச் சுத்தம் பண்ண முடியாதாம், உடைக்கச் சொல்லிக் கையைக் காட்டினார். என் மாமியார் கொடுத்த சட்டி. நான் மாட்டேன் என்றேன். அவரும் மாட்டேன் என்று தலையாட்டினார். கடைசியில் அது கைதவறி உடைந்தது. யார் கை என்பது இருவருக்கும் தெரியும்.

சாப்பிட வந்த ஐம்பது பேரும் வேடிக்கை பார்த்தார்கள். "அய்யர்னா இப்படில்லா இருக்கணும். நண்டுத் தீட்டை என்னமா கழிக்காரு" என்று பேச்சு. சாயங்காலமே பலகை எழுதி மாட்டிவிட்டேன்: அய்யர் சமையல், சுத்த சைவம். என் மீன் குழம்புக்கு இன்றோடு மங்களம்.

முன்மண்டை ஏற்கெனவே வழுக்கை என்பதால் பாதி வேலை மிச்சம். பின்னால் இருந்ததைச் சேர்த்துக் குடுமி கட்டினேன். எலிவால் அளவுக்கு வந்தது. விபூதி மட்டும் பூச மாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்றார். கடைசியில் மரவள்ளிக் கிழங்கு மாவுக்குச் சம்மதித்தார். அது சாமி சமாசாரம் இல்லையாம், பலகாரமாம். மூன்று கோடு இழுத்துவிட்டேன். அடுப்பு முன்னால் நின்று வேர்த்ததில் அது வெந்து நெற்றியிலேயே கூழாகிவிட்டது.

ஏப்ரல் 10, சனி

இன்றைக்கு அடுப்புப் பக்கமே வரமாட்டாராம். அவர்கள் சாமி ஏழாம் நாள் ஓய்வெடுத்தாராம். எங்கள் சாமிகள் யாரும் அப்படி லீவு எடுத்ததில்லை. ஐம்பது பேருக்கு நான் ஒருத்தியே பொங்கிப் போட்டேன். கேட்டவர்களிடம் "சனி பகவானுக்கு விரதம், நெருப்பைத் தொடமாட்டாவ" என்றேன். அவர் திண்டில் சாய்ந்து உட்கார்ந்து சந்தோஷமாகக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். திண்டு என்னுடையது.

மே 7, வெள்ளி

சனி விரதம் ஊரெல்லாம் பரவிவிட்டது. இப்படி ஒரு ஆசாரமான அய்யரே விரதம் இருக்கிறார் என்றால் நாமும் இருக்க வேண்டாமா என்று போன சனிக்கிழமை பாதிப் பேர் சாப்பிட வரவில்லை. தெய்வ பக்தி இப்படிப் பெருகினால் நான் கடையை மூட வேண்டியதுதான்.

கையில் யூதர் என்ற பட்டை கட்டிய ஒரு அம்மாள் வெள்ளிக்கிழமை தோறும் வந்து கிழங்கு அடை வாங்குகிறாள். பெண்களை ஜப்பான்காரன் இன்னும் பிடித்துப் போகவில்லை. அடுப்படி ஜன்னல் பக்கம் நின்று உப்பு அதிகம், எண்ணெய் நாற்றம் என்கிற மாதிரி முகத்தைச் சுளித்து அவள் பாஷையில் கத்துகிறாள். நான் சண்டைக்குக் கிளம்பியபோது ஹஸ்கேல் என் முந்தானையைப் பிடித்து நிறுத்தினார். அது அவர் அக்கா கத்தூனாம். உப்பைப் பற்றிப் பேசவில்லையாம். வீட்டுச் செய்தி முழுவதையும் சொல்லிவிட்டுப் போகிறாளாம். மௌன விரதம் என்பதால் இவர் பதில் சொல்ல முடியாது. கரண்டியால் சட்டி விளிம்பில் தட்டுகிறார், அவ்வளவுதான். அவள் போனபிறகு வெகுநேரம் வெங்காயம் உரித்தார். வெங்காயம் கிடைத்து ஒரு மாதம் ஆகிறது. எங்கிருந்து எடுத்தார் என்று நான் கேட்கவில்லை.

ஜூன் 15, செவ்வாய்

தையல்காரர் ஞானசிகாமணி நம்முடைய நிரந்தர வாடிக்கை. நாசரேத்துக்காரர், வேதக்காரர், ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாட்டுப் பாடுகிறவர். இன்றைக்கு அய்யர் குனிந்து பரிமாறும்போது சட்டைக்குள் இருப்பது அவர் கண்ணில் பட்டுவிட்டது. அது ஒரு சின்னத் துணி. நாலு மூலையிலும் நூல் தொங்கும். கழற்றமாட்டேன் என்கிறார். அவர் உயிரைவிட அது பெரிதாம்.

"ஆச்சி, அய்யருக்குப் பூணூலு நாலு மூலைக்கும் தொங்குதே" என்றார் ஞானசிகாமணி.

"நாலு வேதம்லா? வேதத்துக்கு ஒண்ணு" என்றேன்.

கொஞ்சநேரம் என் முகத்தையே பார்த்தார். "அதானே" என்று சொல்லிவிட்டு ரசம் கேட்டார்.

செப்டம்பர் 2, வியாழன்

ஹஸ்கேலுக்குக் கல்யாணம் ஆகவில்லை. கேட்டேன். யாராவது என்னிடம் கேட்டால் சொல்லத் தெரியவேண்டும் என்பதற்காக.

அக்டோபர் 9, சனி

இன்று ஆபத்து நேராக வாசலில் வந்து நின்றது. நிஜமான அய்யர். சாம்பமூர்த்தி அய்யர் என்று பெயர், ரேஷன் ஆபீசில் குமாஸ்தா, இந்தப் பக்கம் புதிதாகக் குடி வந்திருக்கிறார். "நம்மவா சமையல்னு போர்டு பார்த்தேன்" என்று சிரித்துக்கொண்டே உள்ளே வந்தார்.

அதிலும் பாருங்கள், ஹஸ்கேல் நேற்றுச் சாயங்காலத்திலிருந்து பச்சைத் தண்ணீர் கூடக் குடிக்கவில்லை. வருஷத்துக்கு ஒருநாள் அவர்கள் பாவத்துக்கெல்லாம் சேர்த்து இருக்கிற உபவாசமாம். மூலையில் நின்று மார்பில் தட்டிக்கொண்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

"இன்னிக்கு என்ன உபவாசம்? சரஸ்வதி பூஜை முடிஞ்ச மறுநாள் யாராவது பட்டினி இருப்பாளோ? ஏகாதசி நாளைக்கின்னா" என்றார் சாம்பமூர்த்தி.

"அவாளுக்கு... அவியளுக்கு ஒருநாள் முன்னாலயே ஆரம்பிக்கிற வழக்கம் சாமி. ரொம்ப ஆசாரமான குடும்பம்" என்றேன்.

சாம்பமூர்த்தி அய்யர் இலையில் வைத்த சுண்டலைப் பார்த்தார். மார்பில் தட்டிக்கொள்கிற ஹஸ்கேலைப் பார்த்தார். "ஆமா ஆமா, எங்காத்துலயும் பெரியவா அப்படி இருந்ததுண்டு" என்று சொல்லிவிட்டு இலையை மூடினார். நாள் முழுக்க அவரும் பட்டினி. சாயங்காலம் நட்சத்திரம் தெரிகிறவரை இரண்டு பேரும் வாசலில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நவம்பர் 23, செவ்வாய்

சிரித்துச் சிரித்து எனக்கு விலா வலிக்கிறது. இதை எழுதி முடித்துவிட்டுத்தான் கிழங்கு சீவப் போகவேண்டும்.

ஹஸ்கேலுக்கு மீன் என்றால் உயிர். அவர்கள் சாமி மீனை அனுமதிக்கிறார். செதில் மட்டும் இருக்க வேண்டுமாம். அய்யர் வேஷம் போட்டதிலிருந்து அதுவும் போயிற்று. "எங்க சாமி தின்னச் சொல்றாரு, உங்க சாமி விடமாட்டேங்கிறாரு, நாசமாப் போறவனே" என்று எட்டு மாதமாகப் புலம்பல். இன்று காலை தண்ணீர் எடுக்கப் போகிறேன் என்று போனவர் குடத்தோடு நேரே மைதீன்பிச்சையின் கருவாட்டுக் கடைக்குப் போயிருக்கிறார்.

அங்கே தலையில் துண்டைப் போட்டு மூடிக்கொண்டு கருவாட்டைக் கிளறிக்கொண்டிருந்தவர் சாம்பமூர்த்தி அய்யர்.

மைதீன்பிச்சை வந்து சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "ஆச்சி, ரெண்டு அய்யமாரும் ஒருத்தர ஒருத்தர் பார்த்து அப்படியே நிக்காங்க. இவரு கையில சீலாக் கருவாடு, அவரு கையில சுறாக் கருவாடு. நான் கடைய மூடிட்டு ஓடிரலாமான்னு நெனச்சேன்."

ரேஷன் ஆபீஸ் குமாஸ்தாவுக்கே வயிறு நிறைய அரிசி கிடைக்காத காலம். பசி தாங்காமல் மூன்று மாதமாகக் கருவாடு தின்கிறாராம் மனிதர். ஆசாரமான அய்யர் பார்த்துவிட்டாரே, ஊரெல்லாம் நாறிவிடுமே என்று அவருக்கு நடுக்கம். நிஜ அய்யர் பார்த்துவிட்டாரே, என் கதை முடிந்ததே என்று இவருக்கு நடுக்கம். கடைசியில் ஹஸ்கேல்தான் அசைந்தாராம். சாம்பமூர்த்தியின் கையிலிருந்த சுறாவை வாங்கிக் கீழே வைத்தாராம். கூடாது என்று விரலை ஆட்டினாராம். சீலாவின் செதிலை நகத்தால் நெண்டிக் காட்டி, இது ஆகும் என்று தலையாட்டி, அதை அவர் கையில் மரியாதையாக வைத்தாராம்.

மத்தியானம் சாம்பமூர்த்தி அய்யர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். கண் கலங்கியிருந்தது. "ஆபத்துக் காலத்துல செதில் உள்ளது ஆகும்னு சாஸ்திரம் இருக்கு போலருக்கே. இத்தனை நாள் எனக்குத் தெரியாமப் போச்சு. எப்பேர்ப்பட்ட ஞானஸ்தர் உங்க அய்யர்" என்றார்.

"ஆமா சாமி" என்றேன்.

1944 பிப்ரவரி 8, செவ்வாய்

கைலாசம் பிள்ளை மெஸ்ஸில் ஈ ஓட்டுகிறார்களாம். முனைக் கடைதான் அவருடையது. எனக்கும் அவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. அவர் சாம்பாரில் தண்ணீர் இருக்கும், என் சாம்பாரில் கூட இப்போது தண்ணீர்தான் இருக்கிறது. ஆனால் அய்யர் ஊற்றிய தண்ணீர்.

ஜூன் 20, செவ்வாய்

ஒரு கையால் கன்னத்தில் ஈரத்துணியைப் பிடித்துக்கொண்டு எழுதுகிறேன். எழுத்து கோணலாகத்தான் வரும்.

மத்தியானம் பந்தி நடந்துகொண்டிருந்தபோது ஜப்பான் போலீஸ் வந்தது. ஒரு அதிகாரி, இரண்டு சிப்பாய், துபாஷியாக ஒரு தமிழ் ஆள். மொட்டைக் கடிதாசி வந்திருக்கிறதாம். ஆவுடை மெஸ்ஸில் அய்யர் என்று சொல்லிக்கொள்கிறவன் அய்யரே இல்லை என்று. எழுதினது கைலாசம் பிள்ளை என்பதைக் கண்டுபிடிக்கப் பெரிய மூளை வேண்டாம். யூதர் என்று அவருக்குத் தெரியாது, பலகை இறங்கினால் போதும் அவருக்கு. ஆனால் அய்யர் இல்லையென்றால் பிறகு யார், ஏன் வேஷம் போட்டான் என்று அதிகாரி கேட்பானே. அதைக் கைலாசம் பிள்ளை யோசிக்கவில்லை.

துபாஷி முதலில் சாம்பமூர்த்தி அய்யரைக் கேட்டான், "நீங்க அய்யர்தானே, இவரு அய்யரா?"

"என்னைவிட ஆசாரமானவர்" என்றார் அவர். அது சத்தியம்.

ஞானசிகாமணி இலையை விட்டுத் தலையைத் தூக்கவேயில்லை.

அதிகாரி ஹஸ்கேலைச் சுற்றி வந்து பார்த்தான். குடுமியைத் தொட்டான். பிறகு ஏதோ சொன்னான். "சட்டையைக் கழட்டச் சொல்றாரு, பூணூல் பார்க்கணுமாம்" என்றான் துபாஷி.

ஹஸ்கேலின் கை பொத்தானுக்குப் போனது. என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் நன்றி சொல்லி விடைபெறுகிற மாதிரி ஏதோ இருந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை.

"கழட்ட வேண்டாம். அவரு அய்யரு இல்ல" என்றேன்.

எனக்கு வாய் தானாகப் போய்க்கொண்டிருந்தது. "அவரு என் வீட்டுக்காரரு. செங்கோட்டைக்காரரு. நான் தாலியறுத்தவ, ரெண்டாந் தடவ கட்டிக்கிட்டா ஊரு காறித் துப்பும். அதான் சமையலுக்கு வந்த அய்யருன்னு பலக எழுதிப் போட்டேன். வேற ஒண்ணுமில்ல."

துபாஷி வாயைப் பிளந்தான். அப்புறம் ஹஸ்கேலிடம், "ஏய்யா, உம் பொண்டாட்டியா இது?" என்றான்.

பதினாலு மாதமாக மூடியிருந்த வாய் திறந்தது.

"ஏண்டி வெளங்காதவளே" என்று என்னைப் பார்த்து ஆரம்பித்தார் பாருங்கள், கிடங்கில் கற்ற தமிழ் மொத்தமும் அருவியாகக் கொட்டியது. ஊருக்கெல்லாம் தமுக்கடிக்கணுமா என்றார். என் வாயில் கிழங்கு மாவை அடைக்கவேண்டும் என்றார். எங்கப்பன், எங்க பாட்டன், என் ஆட்டுரல் எதையும் விடவில்லை. மூட்டை தூக்குகிற ஒருவர் தன்னையறியாமல் "அப்படிச் சொல்லுய்யா" என்றார். இப்படித் திட்டுகிறவன் புருஷனாகத்தான் இருக்கமுடியும், தமிழனாகத்தான் இருக்கமுடியும் என்று துபாஷிக்கு ஒரு சந்தேகமும் இல்லை. அவன் மொழிபெயர்க்கக் கூட முடியாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அவன் சொன்ன அரைகுறையைக் கேட்டு அதிகாரியும் சிரித்தான்.

பொய்ப் பலகை வைத்ததற்கு எனக்கு ஓர் அறை, அவருக்கு இரண்டு. பலகையை உடைத்துப்போட்டுவிட்டுப் போய்விட்டார்கள்.

அவர்கள் முனை திரும்பியதும் ஹஸ்கேல் தரையில் உட்கார்ந்துவிட்டார். "மன்னிச்சுக்கோ ஆச்சி" என்றார். கடைசியில் வேறு எதுவும் சேர்க்காமல் அவர் பேசிய முதல் வாக்கியம் அதுதான்.

ஜூன் 21, புதன்

புருஷன் இருக்கிறவள் என்று சொல்லிவிட்டு வெறுங்கழுத்தோடு எப்படி நிற்பது? துபாஷி மறுபடி வந்தால்? மஞ்சள் கயிறு வாங்கி வந்தேன். கண்ணாடி முன்னால் நின்று நானே இரண்டு முடிச்சுப் போட்டேன். மூன்றாவது முடிச்சு நாத்தனார் போடவேண்டியது, நாத்தனாருக்கு எங்கே போக. கையும் பின்னால் எட்டவில்லை. ஹஸ்கேல் போட்டுவிட்டார். சாக்கு கட்டுகிற முடிச்சு. அவிழவே அவிழாது என்றார்.

வேறு ஒன்றுமில்லை. எட்டவில்லை, அவ்வளவுதான்.

ஜூலை 4, செவ்வாய்

அய்யர் இல்லை என்று ஆனதும் பத்துப் பேர் வாயைக் கொப்பளித்துவிட்டுக் கைலாசம் பிள்ளை மெஸ்ஸுக்குப் போனார்கள். நாலாம் நாள் சாம்பமூர்த்தி அய்யர் என் காதோடு வந்து, "அப்ப இனிமே மீன் குழம்பு போடலாமோன்னோ?" என்று கேட்டார். போட்டேன். செதில் உள்ள மீன் மட்டும். நண்டு, இறாலுக்கு இன்னும் தடைதான். போன பத்துப் பேரும் வாசனைக்கே திரும்பி வந்துவிட்டார்கள். சாம்பமூர்த்தி இப்போது ஒரு மூலையில், சுவரைப் பார்த்து உட்கார்ந்து, சாஸ்திரப்படி சாப்பிடுகிறார்.

பெண்கள்தான் திரும்பவில்லை. அடுத்த வீட்டு வளைகாப்புக்கு வரிசையாக எல்லோரையும் அழைத்துக்கொண்டு வந்தவர்கள் என் வாசலில் மட்டும் நடையை எட்டிப் போட்டார்கள். அந்தப் பிள்ளைக்கு மசக்கையில் புளிக்குழம்பு வைத்துக் கொடுத்தவள் நான். எனக்கு அழுகை வந்தது. அழுதேன். கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டே அழுததில் துண்டெல்லாம் சின்னதும் பெரியதுமாகப் போயிற்று.

ஞானசிகாமணி மட்டும் ஒரு பொட்டலம் கொண்டு வந்து கொடுத்தார். பிரித்தால், புதிதாகத் தைத்த சின்னத் துணி, நாலு மூலையிலும் நூல். "பழசு கிழிஞ்சிருக்கும்லா. நாலு மூலைக்கும் தொங்கல் வைக்கிறவங்க யாருன்னு எங்க வேதத்திலயே எழுதியிருக்கு ஆச்சி. முதல் நாளே தெரியும்" என்றார். ஒரு வருஷமாக என்னிடம் ரசம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்த மனிதர். அவருக்கு ஒரு வறுத்த மீன் அதிகமாக வைத்தேன்.

1945 மார்ச் 23, வெள்ளி

கத்தூன் வரவில்லை. யூதப் பெண்களையும் பிள்ளைகளையும் முகாமுக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

மார்ச் 26, திங்கள்

மூன்று நாளாக ஹஸ்கேல் பேசவில்லை. விரதம் என்று யாரும் சொல்லாமலே. கிழங்கு அடையை நானே அவர் வாய்க்கருகில் கொண்டுபோய், "தின்னுங்க வெளங்காத பயலே" என்றேன். தின்றார். சிரிக்கவில்லை, ஆனால் தின்றார்.

செப்டம்பர் 6, வியாழன்

நேற்று வெள்ளைக்காரப் பட்டாளம் வந்து இறங்கிவிட்டது. தெருவெல்லாம் ஆட்டம் பாட்டம். கைலாசம் பிள்ளை இலவசமாகச் சாம்பார் ஊற்றினார், அதில் பருப்பு கூட இருந்தது.

இனி ஹஸ்கேல் யாருக்கும் ஒளிய வேண்டாம். குடுமியை வெட்டிவிட்டார். அக்காவை முகாமில் போய்ப் பார்த்துவிட்டு வந்தார், உயிரோடு இருக்கிறாள். இனி அவர் வீட்டுக்குப் போகவேண்டியதுதான். போகட்டும். அடுப்படி விசாலமாகும். என் திண்டும் எனக்குக் கிடைக்கும்.

இந்தக் கயிற்றை என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. வேஷத்துக்குக் கட்டியது, வேஷம் முடிந்தால் கழற்றவேண்டியதுதான். ஒரு தடவை அறுத்தபோதே அந்த வலி போதும் போதும் என்றாகிவிட்டது. இன்று காலையில் முடிச்சை அவிழ்த்துப் பார்த்தேன். வரவில்லை. அரிவாள்மணை பக்கத்தில்தான் இருந்தது. அதில் தேங்காய்ச் சில் ஒட்டியிருந்ததால் அப்படியே விட்டுவிட்டேன்.

செப்டம்பர் 19, புதன்

முகாமிலிருந்து வந்தவர்களுக்கும் ஒளிந்திருந்தவர்களுக்கும் துணிமணி, ரேஷன் கொடுக்கப் பெயர் எழுதுகிறார்கள். கத்தூன் வந்தாள். பாதியாக மெலிந்திருக்கிறாள், குரல் மட்டும் மெலியவில்லை. தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு வழியெல்லாம் திட்டினாள். இந்தத் தடவை நிஜமாகவே உப்பைப் பற்றித்தான் என்றார் ஹஸ்கேல். நானும் கூடப் போனேன். கத்தூனால் பையைத் தூக்க முடியாது, அதற்காக.

வரிசை முன்னால் நகரவே இல்லை. வெயில் வேறு. மேஜையில் ஒரு தமிழ் கிளார்க் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார்.

"பேரு?"

"ஹஸ்கேல்."

"மதம்?"

"யூதர்" என்றார். இரண்டரை வருஷமாக வாய்க்குள் வைத்திருந்ததை வெளியே விட்டதில் தெருவே திரும்பிப் பார்த்தது. கிளார்க் எழுதி முடித்த பிறகும் இன்னொரு தடவை சொன்னார். ஒரு தடவை சொன்னாப் போதும் என்றார் கிளார்க்.

"கல்யாணம் ஆயிட்டா?"

"ஆயிடுச்சு."

நான் பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினேன்.

"சம்சாரம் பேரு?"

"ஆவுடையம்மா."

கத்தூன் என்னைத் திரும்பிப் பார்த்தாள், கழுத்தைப் பார்த்தாள். சிப்பாய் யாரும் பக்கத்தில் இல்லை. துப்பாக்கியைக் காட்டி யாரும் கேட்கவில்லை. பொய் சொல்ல அந்த மனிதருக்கு இனி எந்த அவசியமும் இல்லை.

கிளார்க் என் பெயரை மெதுவாக, எழுத்துக் கூட்டி எழுதினார். தப்பு, திருத்துங்கள் என்று நான் சொல்லியிருக்கலாம். பின்னால் வரிசை நீளமாக நின்றது.